சுவரில் கொழுத்த காளைகள்

கருமாண்டிப்பதியில் மழை பொய்த்த வருஷத்தில் இரண்டே இரண்டு உயிர்கள்தான் கொழுத்தன. அப்புசாமியின் காளைகள், மயிலையும் செவலையும். அவை கொழுத்தது சுவரில். தொழுவத்தில் எலும்பும் தோலுமாகத்தான் நின்றன. அரசாங்கம் சுவரைப் பார்த்தது.

எங்கள் ஊர் கேரளத்துக் கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே, காற்று மட்டும் தவறாமல் வருகிற இடத்தில் இருக்கிறது. ஊரில் முதலில் மின்சாரம் வாங்கியவர் அப்புசாமி. பம்புசெட்டுக்காக வாங்கினார். அவருடைய வீட்டின் கிழக்குச் சுவர் நீளமானது. பொன்னாத்தாள் பொங்கலுக்குப் பொங்கல் அதற்குத் தவறாமல் சுண்ணாம்பு அடித்துவிடுவாள். மின்சாரமும் வெள்ளைச் சுவரும் ஒரே வீட்டில் இருப்பது எவ்வளவு ஆபத்து என்று புருஷன் பெண்சாதி இருவருக்கும் அப்போது தெரியாது.

கிராமக் காட்சி விளக்க இலாகாவுக்குத் தெரிந்திருந்தது.

ஒருநாள் இலாகாவின் வண்டி வந்து வாசலில் நின்றது. ஆளுயரப் பெட்டி ஒன்றை நான்கு பேர் இறக்கினார்கள். பெட்டிக்குள் வைக்கோல், வைக்கோலுக்குள் படம் காட்டும் எந்திரம். மேற்பார்வையாளர் அச்சுதன்குட்டி சார் பின்னாலேயே இறங்கினார். ஒட்டடைக்கம்பு போல மெலிந்த மனிதர். சட்டை அவர்மேல் உலர்த்தப் போட்டது போலத் தொங்கியது. கையில் ஒரு தேங்காய் அளவுக்கு லென்ஸ். அதை எந்திரத்தின் வாயில் தாமே பொருத்தி, மெழுகு உருக்கி, சிவப்பு முத்திரை வைத்தார்.

பிறகு கூடியிருந்தவர்களைப் பார்த்துப் பேசினார்.

"நாட்டாரே! இத்தனை காலம் நிங்ஙள் கண்ணால் பார்த்து ஏமாந்தீர்கள். கண் என்பது ஆளுக்கு ஆள் வேறு. என் கண்ணில் பார்த்தது உங்கள் கண்ணில் காணுமா? காணாது. ஆனால் படம் எல்லாருக்கும் ஒன்று. அதுகொண்டு, இனி இந்த நாட்டின் காரியங்கள் எல்லாம் படத்தில் பார்த்தே தீர்மானிக்கப்படும். நேரில் பார்ப்பது பழைய சம்பிரதாயம். இலாகா அதை நிறுத்திவிட்டது."

எல்லாரும் கை தட்டினார்கள். அந்தக் கை தட்டலுக்கு நடுவில் மயிலையும் செவலையும் பெட்டியிலிருந்து சிந்திய வைக்கோலை மோந்து பார்த்தன. பேச்சு முடிவதற்குள் பெட்டி சுத்தமாகிவிட்டது. அந்த ஆடியிலும் வாய்க்காலில் நீர் வரவில்லை. மாடுகள் வைக்கோலைப் பார்த்தே வெகுநாள் ஆகியிருந்தது. யாரும் அவற்றை விரட்டவில்லை.

எந்திரத்தை ஓட்டச் சகாயம் என்பவனை இலாகா விட்டுப் போயிற்று. அவன் உடும்பஞ்சோலைக்காரன். ஏலத்தோட்டத்துக் குளிரில் வளர்ந்தவனை இந்த வெயிலுக்கு மாற்றியிருந்தார்கள். வந்த நாளிலிருந்து மோரும் தண்ணீருமாகவே இருந்தான்.

முதல் படம் கொசுவைப் பற்றியது. சுவரில் காக்கை அளவுக்குக் கொசு வந்து உட்கார்ந்தபோது முன்வரிசைப் பிள்ளைகள் எழுந்து ஓடின. அடுத்தது சத்துக்குறைவான குழந்தைகளைப் பற்றிய படம். அழுகுரலோடு ஒரு குழந்தை வந்தது. கன்னம் இரண்டும் பூசணிக்காய் போல இருந்தன. கைகால்கள் வாழைத்தண்டு மாதிரி திரண்டிருந்தன.

பொன்னாத்தாள் வாயைப் பிளந்தாள். "ஏனுங்க சகாயம், இந்தப் புள்ளைக்கு என்னத்தைப் போட்டு வளத்துனாங்களாமா? கேட்டுச் சொல்லுங்க, நாங்களும் போடறோம்."

பக்கத்து வீட்டுக் குப்பண்ணன் கொல்லங்கோட்டுக் கொட்டகையில் ஒரு படம் விடாதவர். கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "அப்புசாமி, இது ஸ்கோப் லென்ஸப்பா. அகலப் படத்துக்குப் போடறது. சாதாப் படத்துக்குப் போட்டா எல்லாரையும் இழுத்து விட்டுரும். வட்டமா இருக்கிற தட்டத்தைப் பாரு, தோணியாட்டம் இருக்குது," என்றார்.

"தப்பு லென்ஸுங்களா?" என்று அப்புசாமி சகாயத்திடம் கேட்டார்.

"தப்புத்தான் அண்ணாச்சி. வந்த அன்னைக்கே தெரியும்."

"அப்பக் கழட்டிப் போடறது?"

"நல்லாச் சொன்னீய! ரீலைச் சுத்துறதுதான் என் வேலை. லென்ஸ் மேற்பார்வையாளர் வேலை. முத்திரையத் தொட்டேன்னா இங்கேயிருந்து இதைவிட வெயிலடிக்கிற ஊருக்குத் தூக்கியடிச்சிருவாக. அப்படி ஊரு இருக்கான்னு தெரியல, இருந்தாலும் கண்டுபிடிச்சிருவாக."

அப்புசாமி கொல்லங்கோட்டு ஆப்பீஸுக்குப் போய் லென்ஸ் தப்பு என்று சொன்னார். பரிசோதிப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். அச்சுதன்குட்டி சார் சொன்னபடி வந்தார். உச்சிவெயிலில் வந்தார்.

"எந்திரத்தை ஓட்டு," என்றார்.

"சார், பகல்ல ஒண்ணும் தெரியாதுங்க. பொழுது எறங்கட்டுமுங்க," என்றார் அப்புசாமி.

"பொழுது இறங்கினால் ஆப்பீஸ் நேரம் கழியும். ஆப்பீஸ் நேரம் கழிந்தால் நான் பார்ப்பது பரிசோதனை ஆகாது. சினிமா பார்ப்பதாகும். ஓட்டு."

சகாயம் ஓட்டினான். சுவரில் வெயில்தான் இருந்தது. அச்சுதன்குட்டி சார் சுவரின் மேல் மூலை, கீழ் மூலை, நடு என்று பொறுமையாகப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"தப்பாக ஒன்றும் தெரியவில்லையே."

"ஒண்ணுமே தெரியலீங்களே சார்!"

"அதைத்தானே நானும் சொன்னேன்," என்று சொல்லி வண்டியில் ஏறிக்கொண்டார்.

இதோடு விட்டிருந்தால் ஊர் சிரித்துவிட்டுப் போயிருக்கும். ஐப்பசியும் பொய்த்தது. அறுப்பு இல்லை, ஆகவே வைக்கோல் இல்லை. மரத்துத் தழையை ஒடித்துப் போட்டார்கள்; பிறகு மரத்திலும் தழை இல்லை. வறட்சி ஊர்களுக்கு அரசாங்கம் வைக்கோல் தரும் என்று செய்தி வந்தது. எந்த ஊர் வறட்சி ஊர் என்பதைக் காட்சி விளக்க இலாகா படம் பிடித்துத் தீர்மானிக்கும் என்று அடுத்த செய்தி வந்தது.

படம் பிடித்துப் போனார்கள். அதை ஊரிலேயே திரையிட்டுப் பார்க்க ஒரு மாலை அச்சுதன்குட்டி சாரும் கமிட்டிக்காரர்களும் வந்தார்கள். இது பரிசோதனை இல்லை, தீர்மானம் என்பதால் ஆப்பீஸ் நேரம் கழிந்தும் பார்க்கலாமாம். நட்டநடுவில் நாற்காலி போட்டு, சாமந்தி மாலை போட்டு, பொன்னாத்தாள் பக்கத்து ஊரிலிருந்து வாங்கி வந்த இளநீரைக் கொடுத்தாள். படம் ஓடியது.

முதலில் வற்றிய கிணறு. சுவரில் அது ஏரிபோல விரிந்தது. "இதா கிணறு?" என்று ஒரு கமிட்டிக்காரர் வியந்தார். அடுத்து மயிலையும் செவலையும் வந்தன. முதுகு கட்டில் போலப் பரந்திருந்தது. வயிறு இரண்டு பக்கமும் தள்ளியது. விலா எலும்புகள் ஒவ்வொன்றும் விரல்கனத்துக்கு இடைவெளி விட்டு வரிவரியாகத் தெரிந்தன.

"அது வெலா எலும்புங்க சார்," என்றார் அப்புசாமி.

"கொழுப்பு மடிப்பு," என்றார் அச்சுதன்குட்டி சார்.

அப்புசாமி தொழுவத்துக்கு ஓடினார். செவலையின் கயிற்றை அவிழ்த்து இழுத்துவந்து நாற்காலிக்கு முன்னால் நிறுத்தினார். அது நிற்க முடியாமல் சுவரில் சாய்ந்தது. அதன் மேலேயே அதன் படம் ஓடிக்கொண்டிருந்தது. "இதையப் பாருங்க சார். இதுதானுங்க அது."

அச்சுதன்குட்டி சார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அப்புசாமீ, மாட்டை அப்பால் கொண்டுபோ. அது மாட்டின் படத்தை மறைக்கிறது. நேரில் பார்க்கிற மாடு சாட்சியாகாது. இன்று மெலியும், நாளை தடிக்கும், அதற்கு ஒரு ஸ்திரம் இல்லை. படம் அப்படியா? எப்போது ஓட்டினாலும் ஒரே தடிமன். கருமாண்டிப்பதிக்கு வைக்கோல் தேவையில்லை."

மறுநாளே மாட்டுத் தரகர் வந்துவிட்டார். அடிமாடுகளைப் பொள்ளாச்சிச் சந்தையில் சேர்த்து, வாளையார் வழியாக மேற்கே ஓட்டுகிறவர். தொழுவத்தில் குனிந்து இரண்டையும் தடவிப் பார்த்தார். "கறியே இல்லீங்களே அப்புசாமி. சுவத்துல இருக்குதே, அந்த ஜோடின்னா நீங்க கேட்டதைக் குடுத்துருவேன்," என்று சிரித்தார். போகும்போது, தை பிறக்கட்டும், அப்புறம் இவற்றை நடத்திக் கூட்டிப்போக முடியாது, தூக்கித்தான் போக வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று பொன்னாத்தாள் அடுப்புப் பற்றவைக்கவில்லை. "ஏனுங்க, அந்த ரெண்டையும் நீங்க வண்டில ஏத்தி உட்டீங்கன்னா, நானும் அதே வண்டில ஏறிக்குவேன்," என்றாள்.

அப்புசாமி எழுந்தார். அரிவாள்மனையின் மூக்கால் சிவப்பு முத்திரையை நெம்பினார். லென்ஸைத் திருகினார். அது பூசணிக்காய்க் காம்பு போல எளிதாகக் கழன்று வந்தது. அதற்குப் பின்னாலேயே எந்திரத்தின் சொந்த லென்ஸ் ஒன்று ஒழுங்காக இருந்தது. சகாயம் அந்தப் பக்கம் திரும்பி மோர் குடித்துக்கொண்டிருந்தான். "நான் எதையும் பாக்கல அண்ணாச்சி. படத்துல வந்தாப் பாத்துக்கிடுதேன்," என்றான்.

மறுமுறை பார்க்க வேண்டும் என்று கெஞ்சி அச்சுதன்குட்டி சாரை அழைத்துவந்தார்கள். படம் ஓடியது. கிணறு கிணறாக இருந்தது. காளைகள் எலும்புக் கூடாக நின்றன. வைக்கோல் வந்துவிட்டது என்றே குப்பண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார்.

அப்போது, படத்தின் கடைசியில், மேற்பார்வையிடுகிற அச்சுதன்குட்டி சாரே சுவரில் வந்தார். போன முறை அவர் ஒரு ஜமீன்தார் போல வந்திருந்தார். அகன்ற மார்பு, திரண்ட தோள். இம்முறை சட்டைக்குள் யாரும் இல்லாதது போலிருந்தது.

"எந்திரத்தை என்ன செய்தீர்கள்?" என்று அவர் கத்தினார். "முன்பு எவ்வளவு வெடிப்பாக, லட்சணமாக இருந்தது! எல்லாரும் நோயாளிகள் மாதிரி தெரிகிறார்கள். எந்திரத்துக்கு க்ஷீணம் பிடித்துவிட்டது!" டார்ச் அடித்துப் பார்த்தார். முத்திரை உடைந்திருந்ததைக் கண்டார். லென்ஸைத் தேடி எடுத்துத் தன் வேட்டி நுனியால் துடைத்து மறுபடி பொருத்தினார். இம்முறை இரண்டு முத்திரை வைத்தார். இனி அதைத் தொடுகிறவன் அரசாங்கத்தின் கண்ணைத் தொடுகிறவன் என்று சொன்னார்.

இதன்பிறகு ஊர் ஒரு வழி கண்டுபிடித்தது. தொழுவத்து மூலையில் போய் நின்று, சுவரை ஓரக்கண்ணால் பார்த்தால் படம் சுருங்கி ஏறக்குறைய சரியாகத் தெரிந்தது. சாணிக்கூடைகளுக்கு நடுவே ஊர் முழுக்க நெருக்கியடித்து உட்கார்ந்து பார்த்தது. அப்புசாமி ஆப்பீஸுக்குப் போய், "சார், ஒரு தடவை, ஒரே தடவை, எங்க தொழுவத்து மூலைல உக்காந்து பாருங்க," என்று கும்பிட்டார்.

அவர் வியப்போடு கேட்டார்: "நான் மூலையில் உட்காருவதா? நடுநாற்காலியில் இருக்கும்போது நான் மேற்பார்வையாளர். சாணிக்கூடையின் பக்கத்தில் உட்கார்ந்தால் நான் யார்? நீயே சொல்லு." ஆனால் யோசனையை அவர் வீணாக்கவில்லை. பொதுமக்கள் யாவரும் படத்தை மூலையிலிருந்து பார்க்க வேண்டும், அதிகாரிகள் மட்டும் நடுவிலிருந்து பார்க்க வேண்டும் என்று எல்லா ஊர்களுக்கும் உத்தரவு போட்டார். இதனால் இலாகா பாராட்டப்பட்டது. பாராட்டைத் தானே நேரில் தர டைரக்டர் புறப்பட்டு வந்தார்.

டைரக்டர் பெரிய மனிதர். வண்டியிலிருந்து அவர் இறங்கியதும் வண்டி ஒரு சாண் உயர்ந்தது. நடுநாற்காலி போதாமல் பக்கத்தில் இன்னொன்றைச் சேர்த்துப் போட்டார்கள். அவர் திட்டத்தைத் தொடங்கிவைத்த விழாப் படத்தை அவருக்காகவே அச்சுதன்குட்டி சார் கொண்டுவந்திருந்தார்.

படம் ஓடியது. சுவரில் டைரக்டர் வந்தார். வந்தவர் சுவருக்குள் அடங்கவில்லை. வலதுகை தொழுவத்தின் மேல் விழுந்தது. இடது காது பொன்னாத்தாளின் முருங்கை மரத்தில் ஆடியது. வயிறு, வீட்டு வாசலையும் சன்னலையும் மூடிக்கொண்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போயிற்று. சன்னலைச் சாத்தப் போன பொன்னாத்தாள் வயிற்றுக்கு நடுவில் தலையை நீட்டினாள்.

யாரும் சிரிக்கவில்லை. மயிலை மட்டும் ஒருமுறை செருமியது.

"அச்சுதன்குட்டி," என்றார் டைரக்டர் மெல்ல. "இது யார்?"

"தாங்கள்தான் சார். படம் பொய் சொல்லாது சார்."

டைரக்டர் எழுந்தார். "இலாகா தொடங்கிய நாள் முதல் சொல்லிவருகிறேன்," என்றார், இதுவரை எங்கேயும் சொல்லாததை. "எந்திரத்தை மட்டும் நம்பக் கூடாது. மக்களின் கண்ணையும் நம்ப வேண்டும். இங்கே மக்கள் லென்ஸ் தப்பென்று எத்தனை காலமாகக் கதறுகிறார்கள்! கழற்று அதை. உடனே ஸ்டோருக்குத் திருப்பி அனுப்பு."

அப்புசாமிக்குக் கண் கலங்கியது. அச்சுதன்குட்டி சார் தம் கையாலேயே இரண்டு முத்திரைகளையும் உடைத்தார். லென்ஸைக் கழற்றிப் பெட்டிக்குள் வைக்கக் குனிந்தார். குனிந்தவர் நிமிர்ந்தார்.

"பெட்டியில் இருந்த வைக்கோல் எங்கே?"

ஊர் மாடுகளைப் பார்த்தது. அப்புசாமி கையைக் கட்டிக்கொண்டு, "தின்னுபோட்டுதுங்க சார். வந்த அன்னைக்கேங்க. வாயில்லாச் சீவனுங்க, அரசாங்கத்து வைக்கோல்னு அதுகளுக்குத் தெரியாதுங்க," என்றார்.

"பொதி, அதாவது சுற்றிவைக்கும் வைக்கோல், இல்லாமல் கண்ணாடிப் பொருளை நகர்த்த நியமம் இல்லை!" அச்சுதன்குட்டி சாரின் குரலில் பழைய தெம்பு திரும்பியது. "பொதி வருகிறவரை லென்ஸ் இங்கேதான் இருக்கும். எந்திரத்தில்தான் இருக்கும். வேறு எங்கே வைப்பது?"

டைரக்டருக்கு முகம் சிவந்தது. சுவரைப் பார்த்தார். அங்கே அவருடைய வயிறு இன்னமும் அவருக்காகக் காத்திருப்பது போலிருந்தது. "அப்படியானால் பொதி அனுப்பச் சொல்! தஞ்சாவூரிலிருந்தாவது வரவழை!"

அவர் சொல்லிவிட்டார், இலாகா செய்துவிட்டது. தை பிறப்பதற்கு முன்னால் ஒரு மத்தியானம், சிமெண்டு லாரிகளுக்கு நடுவே வாளையார் எல்லைச் சோதனைச் சாவடியில் ஒரு லாரி நின்றது. உச்சிவரை வைக்கோல். இதில் என்ன போகிறது என்று சாவடியில் கேட்டார்கள். "லென்ஸுக்குப் பொதி," என்றார் டிரைவர். லென்ஸ் எங்கே என்று கேட்டார்கள். இனிமேல்தான் வரும் என்றார். அவர்கள் வைக்கோலைக் குத்திக் குத்திப் பார்த்தும் வைக்கோலே கிடைத்தது. வைக்கோல் என்றால் தடுத்திருப்பார்கள், மாநிலம் விட்டு மாநிலம் போக விட மாட்டார்கள். பொதி என்றதால் விட்டார்கள்.

லாரி அப்புசாமியின் வாசலில் வந்து நின்றது. அச்சுதன்குட்டி சார் இறங்கி, ஒரு கைப்பிடி வைக்கோலை உருவி, பெட்டியில் பரப்பி, லென்ஸை அதில் வைத்து, இன்னொரு கைப்பிடியால் மூடினார். ஆணி அடித்தாயிற்று.

"ஏனுங்க சார்," என்று அப்புசாமி லாரியைக் காட்டினார். "இத்தனையும் எதுக்குங்க?"

"இலாகாவின் எல்லா எந்திரங்களுக்கும் சேர்த்து உண்டான அளவு அது. லென்ஸுக்கென்று தனி அளவு நியமத்தில் இல்லை."

"மீதிங்க?"

"மீதி என்று ஒன்று இலாகாவில் கிடையாது," என்றார் அச்சுதன்குட்டி சார் கண்டிப்பாக. "பொதி இறக்கியாகிவிட்டது, பொதிந்தாகிவிட்டது. செலவு முடிந்தது. அதைத் திருப்பிக் கொண்டுபோனால் அது என்ன என்று நான் யாருக்குச் சொல்வேன்?"

அவர் லென்ஸோடு போய்ச் சேர்வதற்குள் ஊர் முழுக்கக் கையில் கயிற்றோடு வந்துவிட்டது. வீட்டுக்கு வீடு சுமை சுமையாக எடுத்துப் போனார்கள். பொன்னாத்தாள் மயிலைக்கும் செவலைக்கும் தானே பிரித்துப் போட்டாள். அன்று முழுக்க ஊரில் அசைபோடும் சத்தம்தான். தரகர் வந்தார், தொழுவத்தை எட்டிப் பார்த்தார், வந்த வழியே திரும்பிவிட்டார்.

காளைகள் நிமிர்ந்தன. மாசியில் கழுத்து திரண்டது, பங்குனியில் முதுகு மினுமினுத்தது.

சித்திரையில் இலாகாவின் வண்டி மறுபடி வந்தது. பெட்டி இறங்கியது. லென்ஸ் இல்லாமல் எந்திரம் இருக்கக் கூடாது என்று ஸ்டோரிலிருந்து புது லென்ஸ் அனுப்பியிருந்தார்கள். அச்சுதன்குட்டி சார் அதை வெளியே எடுத்தார். பழைய லென்ஸேதான், மெழுகுக் கறைகூட அப்படியே இருந்தது. ஸ்டோரில் அது ஒன்றுதான் உண்டாம். பொருத்தி, மூன்று முத்திரை வைத்தார். அந்தி சாய்ந்ததும் சகாயம் சோதனைக்கு ஒரு படம் ஓட்டினான். பூசணிக் கன்னத்தோடு அதே குழந்தை வந்து அழுதது.

வழியில் நின்ற செவலைமேல் அச்சுதன்குட்டி சார் அப்போதுதான் இடித்துக்கொண்டார். திரும்பி, முதல்முறையாக மாட்டை நேரில் பார்த்தார். பரந்த முதுகைப் பார்த்தார், தள்ளிய வயிற்றைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"கண்டாயா அப்புசாமீ! படம் அன்றைக்கே சொன்னது, இந்தக் காளைகள் கொழுத்தவை என்று. நீதான் நம்பவில்லை. இப்போதாவது ஒப்புக்கொள், லென்ஸ் சரிதானே?"

பொன்னாத்தாள் பின்னாலிருந்து அப்புசாமியின் இடுப்பில் ஒரு குத்து விட்டாள். மயிலை புதுப் பெட்டியின் ஓரத்தில் நின்று, உள்ளே இருந்த வைக்கோலின் கடைசி இழையை உருவிக்கொண்டிருந்தது.

அப்புசாமி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கையையும் கூப்பினார்.

"தப்புங்க சார். ரொம்பத் தப்பான லென்ஸுங்க. இதைய மொதல்ல திருப்பி அனுப்போணுமுங்க."